ஈரமூலைக்குத் திரும்பிய தண்ணீர்

1993ஆம் வருடம், ஈஸ்டருக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை காலை ஏழேகால் மணிக்கு, கால்வாய்க் காவலர் கலெனிக்கின் வீடு அஸ்திவாரத்தை விட்டுக் கிளம்பி, கிழக்கே நாற்பதடி தள்ளிப் போய் நின்றது. பைன் கட்டைகளை அடுக்கிக் கட்டிய வீடு அது. அடுப்பு அணையவில்லை, புகைபோக்கியில் புகை வழக்கம்போல வந்துகொண்டிருந்தது. கலெனிக் உள்ளே உருளைக்கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டிருந்தார். வாளி தானாக நகர்ந்து எதிர்ச் சுவரில் முட்டியதும் கத்தியை வைத்துவிட்டு வாசலுக்கு வந்தார். முப்பது வருடமாக வாசலுக்கு நேரே இருந்த அவருடைய கிணறு மெதுவாக அவரைக் கடந்து போனது. அவர் ஆச்சரியப்படவில்லை, எரிச்சல்தான் பட்டார். ஞாயிற்றுக்கிழமை மனைவி வருவதாக இருந்தாள். வாசல் காய்ந்து கிடக்கிறது என்று அவளுக்கு மூன்று வருடமாகக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்.

ஊர் பிரிப்யாத் ஆற்றங்கரைச் சதுப்பில் இருந்தது. பெயர் மோக்ரி கூத்; ஈரமூலை என்று அர்த்தம். அந்தக் காலத்தில் பக்கத்து வீட்டில் உப்பு கேட்கவும் படகில்தான் போவார்கள். கலெனிக் பெண் கேட்டுப் போன வீட்டில் தாயும் இரண்டு தம்பிகளும் சதுப்புக் காய்ச்சலில் செத்திருந்தார்கள். மிஞ்சியிருந்த தொதோசியா, மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்காமல் அவருடைய பூட்ஸைப் பார்த்துச் சொன்னாள்: "காஞ்ச தரை எவன் குடுப்பானோ அவனத்தான் கட்டுவேன். மத்ததெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்." கலெனிக் மறுநாளே வடிகால் வேலைக்கு மண்வெட்டியோடு போய் நின்றார். 1962இல் ஊருக்குத் தெற்கே இருந்த பெரிய சதுப்பை வடித்தார்கள். பிறகு ஒவ்வொரு வருடமும் ஒவ்வொரு பக்கம். 1969இல் வடித்த இடத்தில், செடிகொடிகள் மட்கி உண்டான கரிமண் காய்ந்து தீப்பிடித்து அந்தக் கோடை முழுக்கப் புகைந்தது. 1974இல் ஏரியையே காலி செய்தார்கள். பதினோரு கால்வாய்கள், நாற்பத்து மூன்று மதகுகள்; எல்லாவற்றின் சாவியும் கலெனிக்கிடம். மாவட்டத்தார் சந்தோஷப்பட்டு ஊரின் பெயரையே சுஹோதில், உலர்பள்ளம், என்று மாற்றினார்கள். கலெனிக்குக்குக் கழுத்து கொள்ளாமல் பதக்கங்கள். கூட்டுப்பண்ணை அலுவலகத்துக்கு வெளியே இருந்த கௌரவப் பலகையில் அவருடைய படத்தையும் மாட்டினார்கள். தொதோசியா தரைப் பலகைகளுக்கு மஞ்சள் வண்ணம் அடித்து, குளிர்காலத்திலும் வெறுங்காலோடு நடந்தாள். குழந்தைகள் இல்லை. ஆனாலும் அந்த வீட்டில் மாலை நேரத்தில் சிரிப்புச் சத்தம் கேட்கும் என்று ஊரார் சொல்வார்கள்.

1986 வசந்தத்தில், அதே ஆற்றங்கரையில் இருந்த அணுமின் நிலையத்தின் நாலாவது உலை வெடித்தது. சில நாட்களில் பேருந்துகள் வந்தன. மூன்று நாளில் திரும்பிவிடலாம் என்றார்கள். கலெனிக் ஓர் அதிகாரியைப் பிடித்து, ஏழாம் கால்வாயின் மதகை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கேட்டார். "மூணு நாள்ல தண்ணி என்னய்யா பண்ணிடும்?" என்றார் அதிகாரி. பேருந்து நகர்ந்தபோதும் கலெனிக் பின்கண்ணாடி வழியாக மதகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

தெற்கே, மரமே இல்லாத வெட்டவெளியில், நாலாவது மாடியில் வீடு கொடுத்தார்கள். அங்கே தரை எலும்புபோலக் காய்ந்திருந்தது. தொதோசியாவுக்கு அது போதும் என்று கலெனிக் நினைத்தார். அவருக்குத்தான் போதவில்லை. குழாயில் தண்ணீர் காலையும் மாலையும் ஒரு மணி நேரம் வரும். அந்த நேரத்தில் அவர் குழாய் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். 1988இல் ஒரு நாள் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினார். தொதோசியா தடுக்கவில்லை. "என்னிக்கு என் வாசல் காஞ்சிருக்கோ அன்னிக்கு எழுது, வரேன். சேத்துல கால் வைக்க என்னால ஆகாது" என்று மட்டும் சொன்னாள். ஆட்களை வெளியேற்றிய பகுதியைச் சுற்றிப் போட்டிருந்த முள்வேலியைத் தாண்டியவரைப் போலீஸ் நான்கு முறை பிடித்துத் திருப்பி அனுப்பியது. ஐந்தாம் முறை பிடித்த லவ்ரின் என்ற சார்ஜென்ட், அவரைக் கொண்டுபோய் விட ஜீப்புக்கு பெட்ரோல் இல்லை என்று அவருடைய வீட்டு வாசலிலேயே இறக்கிவிட்டான். அதன்பின் அவருடைய கடிதங்களைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் அவன் வேலையானது.

ஊரில் அப்போது அவரைத் தவிர ஒரே ஒருத்திதான் திரும்பியிருந்தாள். ஹாப்கா, ஐம்பத்தெட்டு வயது விதவை. கல்லறை இருந்த மணல்மேட்டுக்குப் பக்கத்தில் ஓர் ஆட்டோடு குடியிருந்தாள். ஏன் திரும்பினாய் என்று கேட்டால், புதுக் குடியிருப்பின் மாடிப்படி வளைவில் சவப்பெட்டி திரும்பாது, நான் அளந்து பார்த்துவிட்டேன் என்பாள். மற்ற வீடுகளை விலங்குகள் எடுத்துக்கொண்டிருந்தன. பள்ளிக்கூடத்தில் காட்டுப்பன்றிகள். தபால் அலுவலகத்தில் ஒரு கடமான், ஒன்பதிலிருந்து ஐந்து மணி வரை. ஓநாய்கள் தெருவின் இடதுபுறமாகவே நடந்தன. இவற்றோடெல்லாம் கலெனிக்குக்குத் தகராறு இல்லை. அவருடைய தகராறு பீவர்களோடு.

தட்டை வாலுள்ள அந்தக் கொறிக்கும் பிராணிகள், மனிதர்கள் போன இரண்டே வருடத்தில் பதினோரு கால்வாய்களையும் அணை போட்டு அடைத்திருந்தன. முதலில் மரத்தைக் கடித்து வெட்டிக் கட்டின. பிறகு கைக்குக் கிடைத்ததை எல்லாம் சேர்த்தன: வேலி, கதவு, கூட்டுப்பண்ணையின் நாற்காலிகள். ஏழாம் கால்வாயின் அணைக்கு நடுவில் கௌரவப் பலகையைச் செருகியிருந்தன. அதில் கலெனிக் முப்பத்தைந்து வயதுச் சிரிப்போடு தண்ணீரைத் தடுத்துக்கொண்டிருந்தார். அவர் அதைப் பிடுங்கிக் கரையில் போட்டார். மறுநாள் காலை அதே இடத்தில், அதே சிரிப்பு. ஐந்து வருடம் இது நடந்தது. பகல் முழுக்க அவர் கடப்பாரையால் அணையை உடைப்பார்; பீவர்கள் கரையில் உட்கார்ந்து, வேலை தெரியாதவனைப் பார்ப்பதுபோல அவரைப் பார்க்கும். விடிந்தால் அணை ஒரு சாண் உயர்ந்திருக்கும்.

தண்ணீர் திரும்பி வந்தது. அது கண்டபடி வரவில்லை, போன வரிசையைத் தலைகீழாக்கிக்கொண்டு வந்தது. முதலில் வந்தது 1974ஆம் வருடத்துத் தண்ணீர். அந்த ஏரியின் பச்சை நிறத்தை கலெனிக் பார்த்ததுமே கண்டுகொண்டார். அடுத்த வருடம் 1969ஆம் வருடத்துத் தண்ணீர் வந்தது. அதில் புகை வாடை அடித்தது. குடித்த ஆடு இரண்டு நாள் இருமியது. தான் விரட்டிய தண்ணீரை ஒவ்வொன்றாக அடையாளம் தெரிந்துகொண்டு, ஒவ்வொன்றையும் பெயர் சொல்லித் திட்டியபடி கலெனிக் மண்வெட்டியோடு ஓடினார். லவ்ரினிடம் மட்டும் ஒருமுறை இதைச் சொன்னார். லவ்ரின் கதிர்வீச்சு மானியைத் தண்ணீருக்கு மேல் பிடித்துப் பார்த்துவிட்டு, "மாமா, இந்த மிஷினு வருஷமெல்லாம் காட்டாது" என்றான்.

தோண்டும் இயந்திரம் ஒன்று கொடுங்கள் என்று கலெனிக் வேலிக்குள் இருந்த பகுதியின் நிர்வாகத்துக்குப் பதினான்கு மனுக்கள் போட்டார். உலர்பள்ளம் என்ற ஊர் நீக்கப்பட்டுவிட்டதால் அதற்குக் கால்வாய் இருக்க முடியாது என்று முதல் பதில் வந்தது. ஈரமூலை என்று எழுதினார். அப்படி ஓர் ஊர் 1975லேயே இல்லாமல் போய்விட்டது என்று இரண்டாவது பதில் வந்தது. பிறகு பதிலே இல்லை. 1992இல் தலைநகரிலிருந்து பறவை ஆராயும் பெண் ஒருத்தி வந்தாள். கறுப்பு நாரைகளை எண்ணி, கொக்குகளை எண்ணி, சந்தோஷத்தில் கண்கலங்கினாள். கலெனிக் கடப்பாரையோடு நிற்பதைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது.

"அணையை ஒடைக்காதீங்க ஐயா. ஈரமா இருந்தாத்தான் இந்தக் கரிமண்ணு தீப்பிடிக்காது. பிடிச்சா அந்த விஷப் புகை எத்தனை ஊருக்குப் போகும் தெரியுமா? இந்தப் பீவருங்க நமக்கெல்லாம் காவல் காக்குதுங்க."

"நான்தான் இங்க காவல்" என்றார் கலெனிக்.

அடுத்த மாதம் ஏழாம் கால்வாயில் ஒரு பலகை நட்டார்கள்: பாதுகாக்கப்பட்ட நீர்நிலை, சேதப்படுத்துவோர் தண்டிக்கப்படுவர். கலெனிக் அதைப் பிடுங்கவில்லை. அதன் முன்னால் உட்கார்ந்து, எழுத்துக்கூட்டி மூன்று முறை படித்தார். அந்தப் பெண் சொன்னது சரி என்பது அவருக்குப் புரிந்தது. 1969இன் புகையை மூச்சில் வாங்கியவர் அவர். புரிந்ததுதான் அவரை இன்னும் வெறிகொள்ள வைத்தது. அன்று மாலை தொதோசியாவுக்கு எழுதிய கடிதத்தில், வாசலில் நடந்தால் தூசி பறக்கிறது என்று எழுதினார்.

ஈஸ்டருக்கு அடுத்த வாரம் செத்தவர்களை நினைக்கும் நாள். அன்று ஒரு நாள் மட்டும் கல்லறைகளுக்குப் போய்வர நிர்வாகம் பேருந்து விடும். இந்த வருடம் அதில் வருகிறேன், அப்படியே வீட்டையும் பார்க்கிறேன் என்று தொதோசியா எழுதியிருந்தாள். கலெனிக் பலகையையும் மறந்தார், தண்டனையையும் மறந்தார். பத்து நாள் இடுப்பளவு தண்ணீரில் நின்று அணையை இடித்தார். செவ்வாய்க்கிழமை விடியலில் வந்து சேர்ந்தது 1962ஆம் வருடத்துத் தண்ணீர், அவர் முதன்முதலில் வடித்த தண்ணீர். அது கறுப்பாக, சத்தமில்லாமல், வழி நன்றாகத் தெரிந்ததுபோல வந்து வீட்டுக்கு அடியில் புகுந்து வீட்டைத் தூக்கியது. உள்ளே இருந்த செங்கல் அடுப்பு மட்டும் இரண்டு டன் எடை. வீடு மூழ்கியிருக்க வேண்டும் என்று பின்னால் பலரும் கணக்குப் போட்டுச் சொன்னார்கள். மூழ்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குப் பேருந்து மணல்மேட்டில் நின்றது. தொதோசியா நல்ல கோட்டும் புதுச் செருப்பும் போட்டு, கையில் ஈஸ்டர் ரொட்டியும் சாயமிட்ட முட்டைகளும் உள்ள கூடையோடு இறங்கினாள். ஐந்து வருடத்தில் மெலிந்திருந்தாள். தாயின் சிலுவைக்கு முன் முட்டையை வைத்து, வணங்கி, நிமிர்ந்து கீழே பார்த்தாள். தெரு இருந்த இடத்தில் வானம் கிடந்தது. கரையோரம் ஓர் ஓட்டைப் படகில், தொடைவரை சேற்றோடு, புருஷன் நின்றிருந்தார்.

"என்ன இது?" என்றாள்.

"படகு."

"கண்ணு எனக்கும் இருக்கு. வாசல்ல தூசி பறக்குதுன்னு எழுதினியே, தூசியில எதுக்குய்யா படகு?"

கலெனிக் வாயைத் திறப்பதற்குள் ஹாப்கா மேட்டிலிருந்து குரல் கொடுத்தாள். "அவன ஏண்டி கேக்கற? வீடு நேத்து சாயங்காலம் பைன் தோப்புக்குப் பின்னாடி நின்னுச்சு, நான் பாத்தேன். இன்னிக்கு எந்தப் பக்கம் மேயப் போச்சோ."

"எது மேயப் போச்சு?"

"உன் வீடுதான்."

தொதோசியா புருஷனைப் பார்த்தாள். "மூணு வருஷம். மாசம் தவறாம முப்பத்தாறு கடுதாசி. அம்புட்டும் புளுகா?"

"கிழங்கு போட்டேன்னு எழுதினது நெஜம்."

"எங்க போட்ட?"

கலெனிக் துடுப்பால் தண்ணீருக்குள் ஓர் இடத்தைக் காட்டினார்.

அவள் கூடையோடு படகில் ஏறியது வீட்டைப் பார்க்கும் ஆசையில் அல்ல. திட்டுவதற்கு மேடு தோதுப்படவில்லை, சுற்றிலும் ஆட்கள். ஆனால் திட்டவும் முடியவில்லை. கலெனிக் வாழ்நாளெல்லாம் தண்ணீரை வெளியேற்றியவர், அதன்மேல் போகத் தெரியாதவர். படகு சுற்றியது, பிர்ச் மரத்தில் முட்டியது, மறுபடி சுற்றியது. பேருந்து நான்கு மணிக்குக் கிளம்பும். கடைசியில் தொதோசியா எழுந்து, "தள்ளு, குடு இங்க" என்று நீண்ட கழியைப் பிடுங்கினாள். முப்பது வருடமாகப் படகைத் தொடாதவள் கழியை ஊன்றினாள். படகு நேராகப் போனது. தன் கைகளின் மேலேயே கோபப்பட்டதுபோல உதட்டைக் கடித்துக்கொண்டு அவள் ஊன்றி ஊன்றித் தள்ளினாள். வீடு இரண்டு முறை நாணல்களுக்கு நடுவே புகையோடு தெரிந்து, நெருங்கினால் விலகியது. மூன்று மணிக்குமேல் பழைய மதகின் தூணில் முட்டிக்கொண்டு நின்றபோதுதான் பிடிக்க முடிந்தது.

உள்ளே மஞ்சள் தரை சொட்டு ஈரமில்லாமல் இருந்தது. கலெனிக் அதையே பார்த்துக்கொண்டு, அவள் பார்க்கிறாளா என்றும் பார்த்தார்.

"இதப் போயி காட்டறியா?" என்றாள் தொதோசியா. "கப்பல்லயும்தான் தரை காஞ்சிருக்கும்."

அந்தச் சொல்லில் அவருக்குள் ஏதோ அறுந்தது. "நான் என்னதான்டி பண்றது?" என்று கத்தினார். "இருவத்தஞ்சு வருஷம் ஒனக்காகத்தான் இந்தத் தண்ணியத் தொரத்தினேன். அஞ்சு வருஷமா நாய் மாதிரி அணைய ஒடைக்கறேன், அதுங்க கட்டுதுங்க. மெடல் குடுத்தானே, அதே வேலைக்கு இப்ப ஜெயில்ங்கறான். அந்தப் பொண்ணு சொல்றதும் சரியாப் போச்சு. அப்ப நான் பண்ணினது என்ன? யாராவது ஒருத்தன் சொல்லட்டும், நான் பண்ணினது என்ன?"

வீடு லேசாக ஆடியது. தொதோசியா கூடையை மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். மிச்சமிருந்த முட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள்.

"நான் எழுதினதும் புளுகுதான்" என்றாள் பிறகு. "பாட்டுக் கோஷ்டியில சேந்தேன்னு எழுதினேனே, எவ சேத்துக்குவா? வெடிச்ச எடத்துலேந்து வந்தவன்னு கடையில எனக்கு முன்னாடி ரெண்டு ஆள் எடம் விட்டு நிக்கறாங்க. பக்கத்து வீட்டுக்காரி நான் குடிச்ச டம்ளர ஜன்னல் வழியாத் தூக்கிப் போட்டா. என் கண்ணு முன்னாடியே. தரை காஞ்சுதான் இருந்துச்சு. காஞ்சு என்ன பண்ண?"

அப்போது மேட்டில் பேருந்து ஒலி எழுப்பியது. இருவரும் வாசலுக்கு ஓடினார்கள். படகு கட்டப்படாமல், ஐம்பதடி தள்ளி, நாணலுக்குள் நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது. ஒலி இன்னும் இரண்டு முறை கேட்டது. பிறகு இன்ஜின் சத்தம் மரங்களுக்கு அப்பால் தேய்ந்தது. அடுத்த பேருந்து அடுத்த வருடம்தான்.

"ஒரு படகக் கட்டத் துப்பில்ல, நீ கால்வாய்க் காவலு!" என்று தொதோசியா தொடங்கினாள். மணல்மேட்டில் ஆடு தலையைத் தூக்கிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாக, இருட்டும்வரை திட்டினாள். படகிலிருந்து கடைசியாக இறங்கியது யார் என்பது பற்றி கலெனிக் ஒருபோதும் பேசியதில்லை. ஹாப்காதான் வருடம் தவறாமல் கேட்பாள், அதற்கு தொதோசியா காது கேளாதவள்போல இருப்பாள்.

அவளை வெளியேற்ற லவ்ரின் மூன்று முறை படகில் வந்தான். முதல் முறை, உத்தரவில் எழுதியிருந்த இடத்தில் வீடு இல்லை. இரண்டாம் முறை இருந்தது, ஆனால் அவன் உத்தரவைப் படித்து முடிப்பதற்குள் பக்கத்துக் காவல் சரகத்துக்குள் போய்விட்டது. மூன்றாம் முறை தொதோசியா போர்ஷ் சூப் ஊற்றிக் கொடுத்தாள். அவன் மானியை அணைத்துவிட்டுக் குடித்தான். அடுத்த வருடம் நினைவுநாள் பேருந்து வந்தபோது அவள் மேட்டுக்குப் போனாள், தாய்க்கு முட்டை வைத்தாள், ஓட்டுநரிடம் ஊசியும் நூலும் வாங்கிவரச் சொன்னாள், திரும்பிவிட்டாள். சதுப்பை அவள் மன்னிக்கவில்லை. காலையில் எழுந்ததும் அதைப் பார்த்துத் துப்புவாள். பிறகு கழியை எடுத்து, வெயில் எங்கே விழுகிறதோ அங்கே வீட்டைத் தள்ளிக்கொண்டு போவாள். 1996இல் வீடு எல்லையைத் தாண்டி பெலாரஸில் பதினொரு நாள் இருந்தது. அந்த நாட்டுக் காவலர்கள் வந்து கடவுச்சீட்டு கேட்டுவிட்டு, வெள்ளரிக்காய் ஊறுகாயோடு போனார்கள். 1998இல் ஒரு பீவர் குடும்பம் அடித்தளக் கட்டைகளுக்குக் கீழே குடியேறியது. கலெனிக் கடப்பாரையால் தரையைத் தட்டுவார், அவை வாலால் பதில் தட்டும். தினமும் காலை சாப்பாட்டுக்குப் பிறகு ஏழாம் கால்வாய்க்குப் போய், ஒரே ஒரு கட்டையை மட்டும் பிடுங்கிப் போட்டுவிட்டு வருவார். அதைப் பார்த்தும் யாரும் அவரைத் தண்டிக்கவில்லை. அதுவும் அவருக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

2001 டிசம்பரில், பழைய நாடு உடைந்து பிறந்த புது நாட்டின் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. கணக்கெடுப்பவன் மூக்கு சிவக்க, உறைந்த நீரின்மேல் மூன்று கிலோமீட்டர் நடந்து வந்தான். வீடு பனிக்கட்டிக்குள் இறுகி, அசையாமல், புகைந்துகொண்டிருந்தது. அவன் படிவத்தை மேசையில் விரித்து, பெயர்கள் கேட்டான், வயது கேட்டான், தொழில் கேட்டான்.

"கால்வாய்க் காவலர்" என்றார் கலெனிக்.

அவன் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தான். கண்ணுக்கு எட்டியவரை கால்வாய் எதுவும் இல்லை. வெண்மை மட்டும்தான்; அதன்மேல் ஏதோ ஒரு பெரிய மிருகத்தின் காலடித் தடம்.

"எந்தக் கால்வாய் ஐயா?"

"எழுதுப்பா. ஏழாம் நம்பரு."

எழுதினான். பிறகு முகவரிக் கட்டத்துக்கு வந்து, இது நிரந்தர முகவரியா, தற்காலிகமா என்று கேட்டான். கலெனிக் அடுப்புப் பக்கம் திரும்பி மனைவியைப் பார்த்தார். தொதோசியா ரொட்டியைப் புரட்டிப் போட்டுவிட்டு, பனி எவ்வளவு கனமாக இருக்கிறது என்று ஜன்னலில் எட்டிப் பார்த்தாள்.

"நிரந்தரம்னே போடு தம்பி" என்றாள். "மார்ச்சு வரைக்கும்."

அவன் அப்படியே எழுதிக்கொண்டு, அடுத்த கேள்விக்குப் போனான்.